நாமே செய்வோம்: காருக்குள்ளே தேய்ந்ததும் உரிந்ததும்



சென்ற இதழில் குளிர்கால ரயர்கள் பற்றி எழுதியிருந்தோம். அதை வாசித்த ஒரு தங்கை தொலைபேசியில் அழைத்துச் சொன்னார்: "அண்ணை, ரயரெல்லாம் சரி. கார் நல்லாய் ஓடுது. உள்ளுக்குப் பார்த்தால்தான் ஒருத்தரை ஏத்த வெக்கமாய்க் கிடக்கு. கதவுக் கைபிடி வெளுத்துப்போச்சு, சுவிச்சுகள் பிசுபிசுக்குது, ஸ்ரியறிங் தோல் உரியுது. இதை வீட்டில வைச்சுச் செய்யேலாதோ?"

செய்யலாம். பெரும்பகுதியைச் செய்யலாம். சிலவற்றில் கைவைக்கவே கூடாது. எது எது என்று பிரித்துச் சொல்வதற்காகத்தான் இம்முறை இந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறோம்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் வந்திறங்கிய ஒரு கிழமைக்குள்ளேயே கார் இல்லாவிட்டால் பால் வாங்கவும் போகமுடியாது என்பது எவருக்கும் விளங்கிவிடும். றூட் 18 இன் ஓரமாக ஒருநாள் நடந்து பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவையில்லை. ரேண்பைக்கின் 8ஏ வெளிவழியைச் சுற்றியுள்ள களஞ்சியங்களுக்கு விடியமுன் வேலைக்குப் போகும் எம்மவர்கள் பலர் வீட்டுக்கு அடுத்தபடியாக அதிக நேரம் இருப்பது காருக்குள்தான். தேநீர் குடிப்பது, பிள்ளையைப் பள்ளியில் விடுவது, ஊருக்குத் தொலைபேசி எடுத்து அழுவது எல்லாம் அதற்குள்தான். ஆகவே உட்புறம் கொஞ்சம் பார்வையாக இருக்கவேண்டும் என்று ஒருவர் ஆசைப்பட்டால் அதை வீண் ஆடம்பரம் என்று நாம் சொல்லமாட்டோம்.

ஊரில் இதற்கு வேறு விதமான கைகள் இருந்தன. யாழ்ப்பாணத்து வீதிகளில் ஓடிய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் கார்களை நினைத்துப் பாருங்கள். 1990களில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் அவை மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சப் பெற்றோலை விட்டு இயந்திரத்தை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கார்களின் டாஷ்போட் பெயின்ற் அடித்த தகரம். சீற் கிழிந்தால் றெக்சின் தைப்பவரிடம் கொண்டுபோனால் போதும். ஊசியும் நூலும் தூரிகையும் இருந்தால் உட்புறம் முழுவதையும் மீட்டுவிடலாம். இங்கே நாம் ஓட்டுகின்ற கார்களில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் பிளாஸ்ரிக். தகரத்துக்குப் பெயின்ற் அடித்த அனுபவத்தை அப்படியே இதற்குக் கொண்டுவந்தால் இரண்டு மாதத்தில் தோல்போல உரிந்து கையோடு வரும்.

நாம் சாதாரணதரத்தோடு பள்ளியை விட்டவர்கள். இரசாயனவியல் புத்தகம் படித்ததில்லை. ஆனால் பிளாஸ்ரிக் அச்சு வார்க்கும் தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன்னே நின்று வருடக்கணக்கு ஆகிவிட்டது. மூட்டை மூட்டையாக வரும் அந்த மணிகளில் ஏபிஎஸ் என்பதை உலர்த்தாமல் வார்க்கமுடியாது. காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும். பொலிபுறொப்பிலீன் என்பது ஈரத்தைக் கிட்ட எடுக்காது. ஈரத்தைப்போலவே பெயின்ற்றையும் அது இலேசில் ஏற்காது. காருக்குள் இந்த இரண்டும்தான் அதிகம். எது எதுவென்று எப்படித் தெரியும்? பாகத்தைக் கழற்றிப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே ஆங்கில எழுத்துகள் பொறித்திருக்கும். ஏ, பி, எஸ் என்றால் பெயின்ற் நன்றாகப் பிடிக்கும். பி, பி என்று இரண்டு எழுத்துகள் இருந்தால் அது பொலிபுறொப்பிலீன். எழுத்தே இல்லாவிட்டால் பின்பக்கத்தில் இருந்து ஒரு துணுக்கு வெட்டித் தண்ணீரில் போட்டால் பொலிபுறொப்பிலீன் மிதக்கும், ஏபிஎஸ் தாழும். ஆனால் கல்மா கலந்த பொலிபுறொப்பிலீனும் தாழக்கூடும் என்பதால் எழுத்தைப் பார்ப்பதே நிச்சயம்.

பொலிபுறொப்பிலீனுக்கு முதலில் ஒட்டுப்பிடிக்கச் செய்யும் அடித்திரவம் ஒன்று தெளிக்கவேண்டும். கார்ப் பாகங்கள் விற்கும் கடைகளில் புல்டோக் போன்ற பெயர்களில் தகரத்தில் கிடைக்கும். அது முழுதாய்க் காய்ந்து போகமுன், தகரத்தில் எழுதியுள்ள நேரத்துக்குள், நிறத்தை அடித்துவிடவேண்டும். நிறத்துக்கு வீட்டுச் சுவர்ப் பெயின்ற்றோ சைக்கிள் பெயின்ற்றோ வேண்டாம். வைனைலுக்கும் பிளாஸ்ரிக்குக்கும் என்றே எஸ்.ஈ.எம்., டூப்ளிக்கலர் போன்ற நிறுவனங்கள் தெளிக்கும் தகரங்கள் செய்கின்றன. ரொயோட்டா வைத்திருப்பவர்கள் ஓட்டுநர் கதவைத் திறந்து தூணில் ஒட்டியுள்ள தாளைப் பாருங்கள். சி, ரி.ஆர். என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் வெளிநிறத்தின் இலக்கமும் உட்புறத்தின் இலக்கமும் இருக்கும். கடையில் அதைச் சொன்னால் கிட்டிய நிறத்தைத் தேடித் தருவார்கள். எதற்கும் பாகத்தின் பின்பக்கத்தில் அடித்துப் பார்த்துவிட்டு முன்பக்கத்துக்கு வாருங்கள். சாம்பல் நிறத்தில் மட்டும் எத்தனை சாம்பல் உண்டென்பது அப்போதுதான் தெரியும்.

பெயின்ற் அடிப்பது வேலையில் கால்வாசிதான். மீதி முழுவதும் கழுவுதல். நாம் பார்த்த அளவில், வெளுத்துப்போனது என்று சொல்லப்படும் உட்புறங்களில் அரைவாசி வெறும் அழுக்கு. தேங்காயெண்ணெய் வைத்த தலை படும் இடம் எது என்று எம்மவர் காரில் கேட்கவே தேவையில்லை. தலைசாய்க்கும் மெத்தையும் கதவுத் தூணும் மினுங்கும். கைக்குப் பூசும் கிறீம், வெயிலுக்குப் பூசும் கிறீம், 2020 இற்குப் பிறகு எல்லோர் காரிலும் வந்து குடியேறிய கைசுத்தத் திரவம், இவையெல்லாம் ஸ்ரியறிங்கின் மேற்பூச்சை மெல்ல மெல்லத் தின்கின்றன. மிச்சத்தை வெயில் பார்த்துக்கொள்கிறது. அரிசோனாவில் செய்து 2018 இல் வெளியான ஓர் ஆய்வில், 100 பாகை பரனைற்றைத் தாண்டிய நாட்களில் வெயிலில் விட்ட காரின் டாஷ்போட் ஒரு மணித்தியாலத்தில் சராசரியாக 157 பாகைக்குச் சூடேறியது. எங்கள் நியூ ஜேர்சி அரிசோனா அல்லத்தான். எனினும் யூலை மாதத்தில் நிழலில்லாத தரிப்பிடத்தில் எட்டு மணித்தியாலம் நிற்கும் காரும் லேசாகச் சுடாது. கண்ணாடிக்கு உள்ளே விரிக்கும் மடிப்பு மட்டை ஒன்று வாங்கிவிட்டால் இந்தக் கட்டுரையின் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

கழுவுவதற்குப் பாத்திரம் கழுவும் சவர்க்காரமும் இளஞ்சூட்டு நீரும் பழைய பல்துலக்கியும் போதும். பிறகு மருந்துக்கடையில் கிடைக்கும் 91 வீத ஐசோபுறொப்பில் அல்ககோலால் துடையுங்கள். நகப்பூச்சு அகற்றும் அசற்றோன் பக்கமே போகாதீர்கள். ஏபிஎஸ் பிளாஸ்ரிக்கை அது கரைத்துவிடும். மினுக்கம் கொடுக்கும் சிலிக்கோன் தெளிப்புகள் முன்பு அடித்திருந்தால் இரண்டு மூன்று தரம் கழுவவேண்டும். அது ஒரு துளி மிஞ்சினாலும் பெயின்ற் அந்த இடத்தில் மீன்கண் போல விலகி நிற்கும். கழுவிய பாகத்தின் மேல் தண்ணீரை ஊற்றுங்கள். முத்து முத்தாய்த் திரண்டால் எண்ணெய் இன்னும் இருக்கிறது. ஒரே படலமாய் வழிந்தால் சுத்தம்.

அடுத்து தேய்ப்பு. பிளாஸ்ரிக்கின் மேல் தோலைப்போலச் சிறு சிறு சுருக்கங்கள் இருக்கின்றனவே, அவை பிறகு போட்டவை அல்ல. உருக்கு அச்சிலேயே செதுக்கி வைத்திருப்பார்கள். அதைச் சான்ட் பேப்பரால் தேய்த்து அழித்தால் திரும்ப வராது. ஆகவே சாம்பல் நிறத் தேய்ப்புத் துணியால் மினுக்கம் போகுமளவுக்கு மட்டும் தடவுங்கள். ஆழமான கீறல் இருந்தால் அந்த இடத்தை மட்டும் 400 இலக்கத் தாளால். அதே காரணத்துக்காகவே பெயின்ற்றும் மெல்லியதாக இருக்கவேண்டும். ஒரே அடியில் மூடிவிடலாம் என்று அவசரப்பட்டால் அந்தச் சுருக்கங்கள் நிரம்பி, பிளாஸ்ரிக் வாளி போலத் தெரியும். எட்டுப் பத்து அங்குலம் தள்ளிப் பிடித்து, பாகத்துக்கு வெளியே தொடங்கி, வெளியே முடித்து, பனித்தூறல் போல முதல் தடவை. பத்து நிமிடம் விட்டு இரண்டாவது. நாலு தடவையில் மூடும். ஒரு முழு நாள் காயவிட்டே திரும்பப் பூட்டவேண்டும்.

எங்கே வைத்து அடிப்பது என்பதுதான் அப்பார்ட்மென்ற்றில் இருப்போருக்குப் பெரிய பிரச்சினை. வாடகை ஒப்பந்தத்தில் தரிப்பிடத்தில் கார் திருத்தக்கூடாது என்ற வரி பெரும்பாலும் இருக்கும். முதலில் அதை வாசியுங்கள். மேல்மாடத்தில் அடித்தால் கீழே நிற்கும் பிறத்தியார் காரில் புள்ளி விழும். குளியலறையிலும் நிலக்கீழ் அறையிலும் அடிக்கவே கூடாது. தெளிக்கும் தகரத்தில் இருந்து வருவது தீப்பற்றும் ஆவி. வெந்நீர் அடுப்பின் சிறு சுடர் ஒன்றே போதும். பெருந்தொற்றுக் காலத்தில் வாங்கி மிஞ்சிய முகமறைப்பு இந்த ஆவியைத் தடுக்காது. இரசாயன ஆவிக்கென்று குப்பி பொருத்திய முகமூடி வேண்டும். கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். சொந்த வீடும் முற்றமும் உள்ள நண்பர் ஒருவர் இருந்தால், மே, யூன், செப்டெம்பர் மாதங்களில் காற்றில்லாத ஒரு சனிக்கிழமை அங்கே போய்விடுவது உத்தமம். குளிர்நாளில் பாகங்களைக் கழற்றவும் வேண்டாம். குளிரில் பிளாஸ்ரிக் கொளுக்கிகள் பிஸ்கற் போல உடையும்.

பிசுபிசுக்கும் சுவிச்சுகளின் கதை வேறு. கைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று பூசிய இறப்பர் போன்ற படலம் ஈரத்தாலும் கையெண்ணெயாலும் பல வருடத்தின் பின் சிதைந்து பசையாகிறது. அதன் மேல் பெயின்ற் அடித்துப் பயனில்லை. அல்ககோல் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்து முழுவதையும் எடுத்துவிட்டால் கீழே நல்ல பிளாஸ்ரிக் இருக்கும். ஒரு மாலை நேரம் போகும். சுவிச்சில் உள்ள கண்ணாடிப் படமும் எழுத்தும் சேர்ந்து அழியக்கூடும் என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குங்கள்.

ஸ்ரியறிங் தோலுக்கு மெல்லிய சவர்க்காரம், பிறகு தோலுக்கென்று விற்கும் நிறத்தைப் பஞ்சால் மூன்று நாலு மெல்லிய பூச்சு. அவ்வளவுதான். தேங்காயெண்ணெய் பூசி மினுக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். திருப்பும்போது கை வழுக்கும் ஸ்ரியறிங் மினுங்கி என்ன பயன்?

இனிக் கைவைக்கக் கூடாத இடங்கள். ஸ்ரியறிங்கின் நடுமூடி, பயணிக்கு முன்னாலுள்ள டாஷ்போட் மூடி, முன்கண்ணாடித் தூண்களின் உறை, சில கார்களில் சீற்றின் பக்கவாட்டு, இவற்றின் பின்னால் எயார்பாக் மடிந்து கிடக்கிறது. அந்த மூடிகளின் பின்பக்கம் குறிப்பிட்ட கோட்டில் கிழியும்படி மெல்லியதாக்கப்பட்டிருக்கும். வெடிப்பு விழுந்தது என்று அதன் மேல் பசையோ நிரப்பியோ தடித்த பெயின்ற்றோ போட்டால், விரியவேண்டிய நேரத்தில் அது எப்படிக் கிழியும், என்ன துண்டாய்ப் பறக்கும் என்று எவராலும் சொல்லமுடியாது. ஈரத்துணியால் துடையுங்கள். வேறொன்றும் வேண்டாம். அதற்குக் கிட்டிய பாகங்களைக் கழற்றுவதானால் பற்றறியின் எதிர்மறை வயரை எடுத்துவிட்டு, காரின் கைநூலில் சொன்ன நேரம் பொறுத்திருங்கள். நாம் அரை மணித்தியாலம் விடுவதுண்டு. பழைய ஹொண்டா கார்களில் பற்றறியைக் கழற்றினால் ரேடியோ ஓர் இரகசிய இலக்கம் கேட்கும். அதை முதலே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே பிள்ளையாரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பயணிக்கு முன்னால், சரியாக எயார்பாக் மூடியின் மேல், இருபக்கப் பசையால் பிள்ளையாரை ஒட்டி வைத்திருக்கும் கார்கள் எம்மவரிடம் நிறைய உண்டு. அந்த மூடி திறந்தால் கல்லாலோ பித்தளையாலோ ஆன அந்தச் சிலை முன்னால் இருப்பவரின் முகத்துக்குத்தான் வரும். கியருக்கு முன்னால் உள்ள சிறு குழியில் அவரை எழுந்தருளச் செய்யுங்கள். அங்கிருந்தும் பார்த்துக்கொள்வார்.

சீற்றுக்கு உறை வாங்குவோர், பக்க எயார்பாக்குக்கு வழிவிட்டுத் தைத்தது என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்கவேண்டும்.

எயார்பாக் என்றதும் தக்காற்றா விடயத்தைச் சொல்லாமல் போகமுடியாது. அந்த நிறுவனம் செய்த ஊதிகளில் இருந்த அமோனியம் நைத்திரேற் பல வருட வெப்பத்தாலும் ஈரத்தாலும் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைப் பறக்கவிட்டதால் உயிர்கள் போயின. அமெரிக்காவில் மட்டும் சுமார் 67 மில்லியன் எயார்பாக்குகள் திருப்பி அழைக்கப்பட்டன. 2001 முதல் 2003 வரையான சில ஹொண்டா, அக்கியூறா கார்கள் மிக ஆபத்தானவை என்று சொல்லி, மாற்றும்வரை ஓட்டவே வேண்டாம் என்று எச்சரித்தார்கள். எங்களுக்குக் கிடைப்பவை பழைய கார்கள்தானே. ஆகவே பெயின்ற் தகரம் வாங்கப் போகமுன் காரின் 17 எழுத்து இலக்கத்தை எடுங்கள். ஓட்டுநர் பக்க முன்கண்ணாடியின் கீழ் மூலையில் வெளியே நின்று பார்த்தால் தெரியும். தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தின் இணையத்தளத்தில் அதை இட்டால், அல்லது 1-888-327-4236 இற்கு அழைத்துக் கேட்டால், உங்கள் காருக்குச் செய்யாத திருத்தம் இருக்கிறதா என்று தெரியவரும். திருத்தம் இலவசம். முந்திய உரிமையாளர் செய்யாமல் விட்டிருந்தாலும் இலவசம்.

கார் வாங்குகிறவருக்கும் இது உதவும். உட்புறத்தை அழகாக்கத் தெரிந்தவருக்கு மறைக்கவும் தெரியும். 2021 செப்டெம்பர் 1 இல் ஐடா புயலின் மிச்சம் வந்து ராறிற்றன் ஆறு பெருகியபோது மத்திய நியூ ஜேர்சியில் எத்தனையோ கார்கள் தண்ணீருக்குள் நின்றன. அதற்கு முன் 2012 ஒக்ரோபரில் சான்டி. அப்படி மூழ்கிய காருக்குப் புதுக் கம்பளம் போட்டு, டாஷ்போட்டை மினுக்கி, வாசனை மட்டை தொங்கவிட்டு விற்பவர்கள் உண்டு. சீற் பட்டியை முடிவு வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கோடு அங்கே தங்கியிருக்கும். சீற்றின் அடியிலுள்ள ஆணிகளில் துரு இருக்கிறதா பாருங்கள். பிறகு சாவியைத் திருப்புங்கள். எயார்பாக் விளக்கு சில விநாடி எரிந்து அணையவேண்டும். அணையாவிட்டால் பழுது. எரியவே இல்லையென்றால் யாரோ விளக்கையே செயலிழக்கச் செய்திருக்கிறார்கள். ஒருமுறை வெடித்த எயார்பாக்கின் மேல் புது மூடி போட்டிருக்கலாம். மலிவான போலி ஊதிகளைப் பொருத்திய கார்களில் மரணங்கள் ஏற்பட்டதாக 2024 யூலையில் அதே நிர்வாகம் எச்சரித்திருக்கிறது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பரிசோதனையில் பிடிபடும் என்று நம்பியிருக்கவேண்டாம். நியூ ஜேர்சியில் 2010 ஓகஸ்ட் முதல் சாதாரண கார்களுக்குப் புகையைத்தான் பார்க்கிறார்கள், பிரேக்கைக்கூடப் பார்ப்பதில்லை.

எம்மவருக்குள் ஒரு கார் இரண்டு மூன்று குடும்பம் கைமாறுவது வழக்கம். நேற்று வந்த குடும்பத்துக்கு, கிட்டத்தட்ட வாங்கிய விலைக்கே கொடுத்துவிட்டுப் போவோம். அப்படிக் கொடுக்கும்போது எந்தப் பாகத்துக்குப் பெயின்ற் அடித்தோம், எது கழற்றிப் பூட்டியது, எந்த விளக்கு எரிகிறது என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி கையுறைப் பெட்டிக்குள் வைத்துக் கொடுக்கலாம். வாங்குகிறவர் ஆங்கிலத்தில் கேட்டுத் தெரியமாட்டாமல் நிற்கிறவராக இருக்கலாம். ஆகவே தமிழிலேயே எழுதுங்கள்.

மிஞ்சிய பெயின்ற் தகரங்களைக் குப்பைத் தொட்டியில் எறியவேண்டாம். மிடில்செக்ஸ் கவுண்டி வீட்டு இரசாயனக் கழிவுகளைச் சேர்க்கவென்று குறிப்பிட்ட நாட்களை அறிவிக்கும். அன்று கொண்டுபோய்க் கொடுக்கலாம். அடுத்த இதழில் கூரைத்துணி தொங்கும் கார்களைப் பற்றிப் பார்ப்போம். அதுவரை குண்டூசி குத்தி வைத்திருப்பவர்கள் அதை அப்படியே வைத்திருங்கள்.